தேர்வுச் சாய்வு

இணையவழிக் கருத்தாய்வுக்கு ஆள் சேர்க்கும் முறையே முடிவை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்போது, அந்தப் பிழையைப் புள்ளியியலார் ‘செலக்‌ஷன் பயாஸ்’ என்கின்றனர். தமிழில் அதைத் ‘தேர்வுச் சாய்வு’ என்பேன். பயாஸ் என்பது, சாய்வாகச் செல்வதைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. புல்தரையில் உருட்டி ஆடும் ஓர் ஆட்டத்தில், ஒரு பக்கம் கனமான பந்து வளைந்தோடுவதையும் அதே சொல்லால் குறித்தனர். உருட்டியவர் நேராக உருட்டினாலும் அந்தப் பந்து வளைந்தே தீரும். ஆகவே, வேண்டுமென்றே காட்டும் ஓரவஞ்சனையைச் சுட்டும் ‘பாரபட்சம்’ இங்கே பொருந்தாது. பரவலாக வழங்கும் ‘சார்பு’ கணிதப் பாடநூல்களில் வேறொரு கருத்துக்கு உரியதாகிவிட்டது. ‘சாய்வு’ம் அங்கே கோட்டின் சரிவைக் குறிக்கிறதே என்று கேட்கலாம், ‘தேர்வு’ என்ற அடையோடு வரும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

திரும்பத் திரும்பக் கருத்துக் கேட்பதற்காகச் சேர்த்துவைக்கும் விடையளிப்போர் குழாமைக் குறிக்கும் ‘பேனல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இதை விளக்க உதவுகிறது. துணித்துண்டைக் குறித்த அச்சொல், வழக்கு விசாரணைக்கு அழைக்கப்படும் ஜூரி நடுவர்களின் பெயர்கள் எழுதிய தோல்நறுக்கையும், பிறகு அந்த நடுவர்களையுமே குறிக்கலாயிற்று. விடையளிப்போர் குழாம் என்று நாம் இன்று சொல்வதும் ஒரு பெயர்ப் பட்டியல்தான். அப்பட்டியலில் யார் ஏறவே இல்லை என்பதில்தான் சாய்வு தொடங்குகிறது. 1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலைக் கணிக்க ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க இதழ், தொலைபேசிப் புத்தகங்கள், கார் பதிவேடுகள் முதலியவற்றிலிருந்து பெயர் திரட்டி ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது; ஏறத்தாழ 24 லட்சம் சீட்டுகள் திரும்பிவந்தும், லேண்டன் வெல்வார் என்ற அதன் கணிப்பு பொய்த்து, 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பட்டியலின் குறையோடு, சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் அனுப்பாதவர்களிலிருந்து வேறுபட்டிருந்ததும் சேர்ந்துகொண்டது. எண்ணிக்கை கூடக் கூட, எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் தற்செயலாக நேரும் ‘மாதிரிப் பிழை’ குறையும். தேர்வுச் சாய்வு அப்படியே நிற்கும்.

விளம்பரத்தைப் பார்த்துத் தாமே வந்து சேரும் இன்றைய இணையக் குழாம்களில் இது இன்னும் சிக்கலாகிறது. இணையம் இல்லாதோர் முதலிலேயே விடுபடுகின்றனர். இருப்பவர்களிலும் அந்த விளம்பரம் வெளிவந்த தளத்துக்குச் செல்வோர், பேசுபொருளில் ஆர்வமுடையோர், ஓய்வுநேரம் மிகுந்தோர், சிறு ஊக்கத்தொகையை நாடுவோர் ஆகியோரே மிகுதியாக வருகின்றனர். ஒரே ஆள் பல குழாம்களில் இருப்பதும், தொகைக்காகப் பொய்த் தகுதி கூறுவதும் உண்டு. தாமே வந்து சேரும் இந்தத் ‘தற்தேர்வை’, வயது, பாலினம், கல்வி ஆகியவற்றுக்கேற்ப நிறையிட்டு, அதாவது குறைவாக வந்த பிரிவினரின் விடைகளுக்குக் கூடுதல் மதிப்பளித்து, சரிசெய்கின்றனர். ஆனால் ஒரே வயதும் கல்வியும் கொண்ட இருவரில் ஒருவரைச் சேரவும் மற்றவரை விலகவும் வைத்த மனப்பாங்கே ஆய்வின் பொருளாக இருந்தால், அந்த நிறைகள் உதவா. அத்தகைய ஆய்வில், குறைவானவர்களே இருந்தாலும் குலுக்கல் முறையில் அழைக்கப்பட்ட குழாமையே நான் நம்புவேன். நெதர்லாந்தில் 2007இல் அமைந்த லிஸ் குழாம், மக்கள் பதிவேட்டிலிருந்து குடும்பங்களைக் குலுக்கலில் தேர்ந்து, கணினியும் இணைய இணைப்பும் இல்லாதோருக்கு அவற்றையும் வழங்கியது.

குழாமில் சேர்ந்த பின் விலகுவோரால் வரும் சாய்வை ‘உதிர்வுச் சாய்வு’ எனப் பிரித்துச் சொல்வது நல்லது. திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால் உறுப்பினரின் விடைகளே மாறுவது தேர்வுச் சாய்வு அன்று. அது அளவீட்டுப் பிழையைச் சேர்ந்தது.