கணக்கு நோட்டைக் கொண்டு வாங்க

ஆள் வைத்து வேலை வாங்கும் விவசாயிகளுக்குத் தொழிலாளர் சட்டப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் சட்டங்களின் பெயரையும் வருடத்தையும் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். மிச்சப்பேர், "ஆளே கிடைக்காத காலத்துல ஆளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டீங்களே" என்பார்கள். இப்போது திரை கிடையாது. வரும்போது கூலிக் கணக்கு நோட்டைக் கொண்டு வாங்க என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஈரோடு, கரூர் பக்கம் கரும்பு வெட்ட விழுப்புரம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கணவனும் மனைவியும் ஒரு ஜோடி. ஜோடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி கையில் முன்பணம் போகும், வெட்டுக்கூலி டன் கணக்கில் அதில் கழியும். ஒரு விவசாயியின் நோட்டில் ஒரே ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மேலே முன்பணம் 40,000. கீழே வெட்டிய டன். அதற்குக் கீழே அரிசி, சந்தைச் செலவு. அப்புறம் ஒரு வரி: "ஊருக்குப் போனது 4 நாள் – 1,200." இது என்னங்க என்று கேட்டேன். "வெட்டு நின்னு போச்சுல்லங்க சார், அந்த நட்டம்" என்றார். மறைக்கவே இல்லை, முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்த ஜோடியில் மனைவிக்குக் காலில் அரிவாள் பட்டபோது ராத்திரியோடு ராத்திரியாகத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். ஆனால் அந்தத் தையல் செலவும் அதே பக்கத்தில் கடனாக ஏறியிருந்தது. அவர் தோட்டத்தில் வேலை செய்யும்போது பட்ட காயத்துக்கு அவளே பணம் கட்டுகிறாள்.

கொத்தடிமை என்றதும் எல்லோருக்கும் சங்கிலியும் சவுக்கும்தான் ஞாபகம் வரும். 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கேட்பது வேறு. முன்பணத்தைக் காட்டி, கூலி இல்லாமலோ பெயருக்கு ஒரு கூலி கொடுத்தோ வேலை வாங்கினீர்களா? வேறு இடத்துக்கு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தீர்களா? வெளியே நடமாட விடவில்லையா? விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கவிடவில்லையா? நான்கில் ஒன்று இருந்தாலே போதும். கூலி விஷயத்தில் 1982லேயே, ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமான வேலை பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அறையில் தூக்கம் கலைவது இதற்கு அடுத்த இடத்தில்தான். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அந்தக் கடன் செத்துவிட்டது, அதற்காகப் பணம் வாங்கினாலே குற்றம். மூன்று வருடம் வரை சிறை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும் இந்தச் சட்டம் தனியாக அப்படியே நிற்கிறது.

"நான் முதலாளியே இல்லீங்க, மேஸ்திரிதான் கூட்டிட்டு வந்தான்" என்று ஒருவராவது எழுந்து சொல்வார். சரி, பணம் யாருடையது? கரும்புக்காடு யாருடையது? அதற்கு மேல் நான் பேசுவதில்லை.

ஒரு தோட்டத்து வீட்டில் தண்ணீர் குடிக்கப் போனபோது பீரோவுக்கு மேலே ஒரு பிஸ்கட் டப்பாவைப் பார்த்தேன். உள்ளே ஒன்பது ஆதார் அட்டை, மூன்று ஏடிஎம் அட்டை, எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு. "தொலைச்சுப் போடுவாங்கன்னு தானுங்க வாங்கி வெச்சேன்." அவர் சொன்னதில் பாதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஒருவன் கிளம்பிப் போக நினைத்தால் யாரிடம் கேட்டு வாங்க வேண்டும்? விசாரணைக்கு வரும் அதிகாரி நோட்டைப் பார்ப்பதற்கு முன்பே அந்த டப்பாவைத்தான் பார்ப்பார்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரே குழப்பம். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளை உதவலாம் என்று 2016 திருத்தம் சொல்கிறது, அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் கரும்புக்காடு வெட்டுகிறவருடைய குடும்பத் தொழில் அல்ல. அவருடைய பத்து வயதுப் பையன் அங்கே சோகை (காய்ந்த கரும்புத் தோகை) இழுத்தால் அது குழந்தைத் தொழில்தான், அம்மா பக்கத்திலேயே நின்றாலும்.

மருந்தடிக்கிற இடத்தில் துண்டைத்தான் முகத்தில் கட்டிக்கொள்கிறார்கள். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது விஷத்தில் முதல் வகுப்பு, துண்டு எதையும் தடுக்காது. கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுப்பது உங்கள் செலவு, அது கடன் பக்கத்தில் ஏறக்கூடாது. நாம் விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்தவர்கள், வேறென்ன சொல்ல.

டீ விஷயத்தையும் விடமாட்டேன். சில பேருக்கு டம்ளர், சில பேருக்கு மட்டும் காகிதக் கப் என்றால் அது சுத்தத்துக்காக இல்லை என்பது ஊற்றுகிறவருக்கும் தெரியும், வாங்கிக் குடிக்கிறவருக்கும் தெரியும். இதைச் சொல்லும்போது அறை இறுக்கமாகிவிடும். ஆகட்டும்.

ஆட்களை ஒழுங்காக நடத்துவதாக ஏற்றுமதிக்காரர்கள் சான்றிதழ் கேட்பதால் பயிற்சிக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் நோட்டு தனி ரகம். மூன்று மாதக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. தணிக்கைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியது. அதைவிட அந்த 1,200 ரூபாய்க்காரரின் நோட்டு எனக்குப் பிடிக்கும். அதைத் திருத்த முடியும்.

திருத்தினோம். ஊருக்குப் போன நாளும் தையல் செலவும் அடிக்கப்பட்டன. முன்பணத்துக்குத் தனிப் பக்கம், வட்டி கிடையாது, எந்த வாரமும் பிடித்தம் எல்லாம் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது. அதே கணக்கை எழுதிய சின்ன நோட்டு ஒன்று ஜோடி கையிலும்.

"எல்லாஞ் சரிங்க, நாளைக்கே கிளம்பிட்டா என் பணம்?" என்று கேட்டார். போய்விட்டால் போனதுதான், பிடித்து வைக்க வழியில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த பருவத்துக்கு 40,000 கொடுக்கவில்லை. பஸ் செலவுக்கும் முதல் வார அரிசிக்குமாக 5,000, அப்புறம் சனிக்கிழமை சந்தைக்கு முன்னால் கையில் கூலி. இரண்டு மேஸ்திரிகள் முடியாது என்று போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் ஆறு ஜோடியோடு வந்தார், வெட்டு பத்து நாள் தள்ளித்தான் ஆரம்பித்தது.