தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு

முப்பரிமாணக் கண்ணாடியை அரை மணி நேரம் மாட்டினால் ஏன் கண் வலிக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கட்டைவிரலை முகத்துக்கு முன் ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். இரு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பும். கூடவே கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) தடிக்கும். பின்னால் உள்ள ஜன்னல் மங்கிவிடும். இந்த இரண்டு வேலையும் எப்போதும் ஜோடியாகவே நடந்து பழகியவை.

கடையில் கிடைக்கும் கண்ணாடிகள் பெரும்பாலும் இரு கண்ணுக்கும் இரு வேறு தட்டைப் படங்களைக் காட்டி அந்த ஜோடியைப் பிரிக்கின்றன. கண்கள் ஒரு சாண் தூரத்துப் பட்டாம்பூச்சிக்குத் திரும்பும். வில்லையோ ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் பிம்பத்தில் குவிய வேண்டும். வலி அதனால்தான். இவற்றையும் ஹாலோகிராம் என்று விற்பது எனக்கு ஒப்பவில்லை.

பொருள் அங்கே இருந்திருந்தால் எந்த ஒளி அலை நம் கண்ணுக்கு வருமோ, அதையே உண்டாக்குவதுதான் ஹாலோகிராம். குளத்தில் கல் விழுந்த இடத்துக்கு அருகே அலை நன்றாக வளைந்திருக்கும்; கரை சேரும்போது ஏறக்குறைய நேர்கோடு. ஒளியும் அப்படித்தான். 30 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து கிளம்பும் அலை, 4 மி.மீ. அகலமுள்ள கண்மணிக்கு வரும்போது நடுப்பகுதி முந்தும், ஓரம் பிந்தும். எவ்வளவு? கணக்குப் போட்டால் சுமார் 6.7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு! புள்ளி 3 மீட்டருக்குத் தள்ளிப் போனால் அதிலும் பத்தில் ஒன்று. இவ்வளவு சின்ன வளைவுக்குத் தக்கபடிதான் நம் வில்லை தடிக்கிறது, மெலிகிறது.

இந்த வளைவைச் செய்ய ஒரு திரவப் படிகச் சில்லு போதும். அதிலுள்ள குட்டிக் கட்டமான பிக்சலுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே நீள மூலக்கூறுகள் திரும்பும். அங்கே லேசர் ஒளியின் வேகம் மாறும். நடுவில் தாமதம் இல்லை, ஓரம் போகப் போகத் தாமதம் கூடும். வளைந்த அலை தயார். ஒரு முழு அலைநீளம் பிந்தினால் பிந்தாததற்குச் சமம். ஆகவே பச்சை ஒளிக்கு அரை மைக்ரான் தாமதம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். சில்லில் வளையம் வளையமாகக் கோலம் விழும். ஒரு புள்ளிக்கு ஒரு கோலம். பட்டாம்பூச்சிக்கு ஆயிரக்கணக்கான கோலங்களின் கூட்டல்.

1947-இல் இங்கிலாந்தில் இயற்பியலாளர் டென்னிஸ் காபோர் ஹாலோகிராமைக் கண்டுபிடித்தது எலெக்ட்ரான் நுண்ணோக்கியைச் செம்மைப்படுத்தப் போய். நல்ல ஹாலோகிராமுக்கு வேண்டிய லேசர் வந்ததே 1960-இல். அவருக்கு நோபல் 1971-இல். 'உடனடிப் பயன் என்ன?' என்று கேட்டுத்தான் நிதி தருவோம் என்பவர்கள் இந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2024-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மூக்குக் கண்ணாடி வடிவிலான மாதிரியில் முழு வண்ண ஹாலோகிராமைக் காட்டியது. இன்னும் இடிப்பது காட்சியின் அகலம். 8 மைக்ரான் பிக்சல், பச்சை ஒளியை மொத்தம் 4 பாகைக்குள்தான் விரிக்கும். முன்னால் லென்ஸ் வைத்து அகலப்படுத்தினால், கண்மணி சற்று நகர்ந்தாலே படம் மறைந்துவிடும். பிக்சலை அரை மைக்ரானுக்குச் சுருக்கலாம். ஆனால் அதே சில்லை நிரப்ப 256 மடங்கு பிக்சல்கள் வேண்டும், அத்தனைக்கும் தனித்தனியே தாமதம் கணக்கிட வேண்டும்.