பழைய கதைகள் தெளிவாக இருந்தால் போதுமா?

"பழசெல்லாம் அப்படியே ஞாபகம் வச்சிருக்கார் டாக்டர். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் பேரைக்கூடச் சொல்லுவார். எங்களுக்கே அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது."

மறதி என்று வரும் முதியவர்களைப் பரிசோதிப்பது என் வேலை. அப்பாவையோ அம்மாவையோ அழைத்துவரும் பிள்ளைகளிடமிருந்து நான் அதிகம் கேட்பது இதைத்தான். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதை வைத்து, "அப்படியானால் இது மறதி நோயாக இருக்காது" என்று வீட்டிலேயே முடிவுகட்டி, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறார்கள். அதற்குள் ஒரே மாத்திரையை இரண்டு முறை விழுங்கியது, அடுப்பை அணைக்க மறந்தது, கட்டிய பில்லையே மறுபடி கட்டியது என்று எத்தனையோ நடந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் "வயசாச்சு இல்லையா" என்ற பதில் தயாராக இருந்திருக்கும். அறுபது வருடத்துக்கு முந்தைய பள்ளிக்கூடக் கதை அந்தப் பதிலுக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

அந்தச் சாட்சியை நம்பக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறதி நோய், அதாவது டிமென்ஷியா, நினைவுகளை ஒரே சீராக அழிப்பதில்லை. பெரும்பாலும் புதியவை முதலில் போகும், பழையவை நெடுநாள் நிற்கும். பிரெஞ்சு உளவியலாளர் தெயோதியூல் ரிபோ 1881-லேயே இதை எழுதிவிட்டார். காரணம் மூளையின் அமைப்பில் இருக்கிறது. இன்று நடந்ததை நாளைக்கு நினைவாக மாற்றித்தருவதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கும் அதை ஒட்டிய புறணிக்கும் (மூளையின் மேலடுக்குக்கும்) பெரிய பங்கு உண்டு. டிமென்ஷியாவில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் வகை. அது பெரும்பாலும் முதலில் கை வைப்பது இந்த இடத்தில்தான். பல்லாண்டுகளாக நினைத்து நினைத்து, சொல்லிச் சொல்லிப் பதிந்துபோன பழைய விஷயங்களோ மூளைப் புறணியில் பரவலாக வேர்விட்டிருக்கும். அவற்றை அசைக்க நோய்க்கு நாளாகும்.

இதற்குச் சான்றாக மருத்துவ வரலாற்றில் ஒருவர் இருக்கிறார். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு, கடுமையான வலிப்பை நிறுத்துவதற்காக 1953-ல் மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 27. அதன்பின் புதிதாக நடந்த எதையும் அநேகமாக அவரால் நினைவில் தங்கவைக்க முடியவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப்போன மருத்துவர் திரும்ப வந்தால் புது ஆளாகத் தெரிவார். 2008-ல் இறக்கும்வரை அப்படித்தான் வாழ்ந்தார். ஆனால் சிறுவயதைப் பற்றிக் கேட்டால் பேசுவார். மேலோட்டமாகப் பேசிவிட்டுப் போகிறவருக்கு அவரிடம் என்ன குறை என்றே தெரிந்திருக்காது.

சரி, பழையவை நிற்கட்டும். ஏன் குறிப்பாகப் பள்ளிக்கூடம், முதல் வேலை, கல்யாணம், குழந்தைகள் பிறந்த காலம்? நாற்பத்தைந்து வயதில் நடந்ததை ஏன் யாரும் அவ்வளவு ஆசையாகச் சொல்வதில்லை? நடுவயதைத் தாண்டியவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி மனதில் எழும் சம்பவத்தைச் சொல்லச் சொன்னால், அண்மைக்காலச் சம்பவங்களை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான நினைவுகளே எதிர்பார்ப்பதைவிட அதிகம் வருகின்றன. அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபினும் அவருடைய சகாக்களும் 1986-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து இதைக் காட்டினார்கள். நோயே இல்லாதவர்களிடம் காணப்படும் இயல்பு இது. மூன்று, நான்கு வயதுக்கு முந்தையது அநேகமாக யாருக்கும் நினைவிருக்காது. அப்புறம் இந்தப் பருவத்தில் நினைவுகள் மேடுபோலக் குவியும். முதல் நண்பன், முதல் சம்பளம், தனியாக எடுத்த முதல் முடிவு எல்லாம் வந்து சேர்வது இந்த வருடங்களில். "நான் யார்" என்று ஒருவர் சொல்லிக்கொள்வதற்கான பொருளெல்லாம் இங்கிருந்துதான் கிடைக்கிறது. ஆகவே வாழ்நாள் முழுக்க அவற்றை எடுத்து எடுத்துப் பேசுகிறோம். பேசப் பேச இன்னும் அழுத்தமாகப் பதிகின்றன.

பரிசோதனை அறையில் நானும் இந்தக் காலங்களைப் பற்றித்தான் கேட்பேன். சுயவாழ்க்கை நினைவைச் சோதிக்க மைக்கேல் கோபெல்மன், பார்பரா வில்சன், ஆலன் பேட்லி ஆகிய மூவர் உருவாக்கிய ஒரு நேர்காணல் முறை உண்டு. குழந்தைப் பருவமும் பள்ளியும் ஒரு பகுதி, முதல் வேலையும் திருமணமும் குழந்தைகளுமாக இளமைக்காலம் ஒரு பகுதி, அண்மைக்காலம் ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் இரண்டு விதமாகக் கேட்பார்கள். ஒன்று, தகவல்: எந்தப் பள்ளி, உடன் படித்தவர்கள் யார், எங்கே வேலை பார்த்தீர்கள். இன்னொன்று, சம்பவம்: அந்த வேலையில் ஒருநாள் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், எங்கே நடந்தது, கூட யார் இருந்தார்கள்.

இந்த இரண்டாவது கேள்வியில்தான் பலருடைய நிலை வெளியே தெரிகிறது. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை தன் முதல்நாள் வகுப்பைப் பற்றி மிக அழகாகச் சொன்னார். நுழைந்ததும் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, ஒரு சின்னப்பெண் எழுந்து வணக்கம் சொன்னதும்தான் மூச்சு வந்தது என்றார். கேட்கிற யாருக்கும் கண் கலங்கும். "அதே பள்ளியில் நடந்த வேறு ஒன்று சொல்லுங்களேன் அம்மா" என்றேன். "எல்லாமே நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்கு என்றால் என்மேல் உயிர்" என்றார். ஒரு நாள், ஒரு பிள்ளை, ஒரு வாக்குவாதம், எதையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. பேச்சு முடிவதற்குள் முதல்நாள் வகுப்புக் கதையை மறுபடி தொடங்கினார். அதே சொற்கள், அதே இடத்தில் அதே சிரிப்பு. சற்றுமுன் சொன்னோம் என்ற சுவடே அவரிடம் இல்லை. மகள் இதை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பலமுறை சொல்லப்பட்ட கதை, நாம் மனப்பாடம் செய்த பாட்டைப் போல ஆகிவிடுகிறது. அதைப் பாடுவதற்கு நினைவு தேவையில்லை, வாய்ப்பழக்கம் போதும். மொலைசனிடம் பின்னாளில் நுணுக்கமாக விசாரித்தபோதும், அவருடைய பழைய நினைவுகளில் பெரும்பாலானவை சாரமாக மட்டுமே இருந்தன, தனித்தனிச் சம்பவங்கள் அரிது என்று தெரியவந்தது. ஆக, கதை எவ்வளவு நன்றாக வருகிறது என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சொல்லி முடித்தபின் அதைச் சொன்னது நினைவிருக்கிறதா என்று கவனியுங்கள். கூடவே நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள், போன வாரம் எங்கே போனோம் என்பதும் பேச்சுவாக்கில் வருகிறதா என்று பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, பழங்கதை பேசும் தாத்தா பாட்டிகளையெல்லாம் நோயாளிகளாகப் பார்க்க ஆரம்பித்துவிடக்கூடாது. ஒரு காலத்தில் மருத்துவ உலகமே அப்படிப் பார்த்தது. முதியவர் கடந்ததைப் பேசினால் மூளை தளர்ந்துவிட்டது என்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ல் அதை மறுத்து எழுதினார். முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, தீராத மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொள்ள மனம் செய்யும் வேலை அது என்றார். என் அனுபவமும் அதையே சொல்கிறது. தெளிவான மனமுள்ள முதியவர் ஒரே கதையை இரண்டாம் முறை சொல்லும்போது, "இதை உன்கிட்ட சொல்லியிருக்கேனா?" என்று கேட்பார். அல்லது நீங்கள் சொன்னதும், "ஆமாம் இல்ல" என்று சிரிப்பார். அந்தக் கேள்வியும் அந்தச் சிரிப்பும் இருக்கும்வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மறதியோடு வரும் எல்லோருக்கும் டிமென்ஷியா இருப்பதில்லை. மனச்சோர்வு உள்ளவரிடம் ஒரு சம்பவத்தைக் கேட்டாலும், "என்னத்தச் சொல்ல, எல்லாம் கஷ்டம்தான்" என்று பொதுவாகவே பதில் வரும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, காது மந்தம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, சில அலர்ஜி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும், எப்போதோ கீழே விழுந்ததில் மண்டையோட்டுக்குள் மெல்லக் கசிந்து சேர்ந்த ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல. இவற்றுக்காகவாவது சீக்கிரம் வரவேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று ஆள் தெரியாமல், இடம் தெரியாமல் குழம்பினால் அது மறதி நோயின் ஆரம்பம் என்று நினைத்துக் காத்திருக்கக்கூடாது. தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

"டிமென்ஷியா என்று தெரிந்து என்ன செய்யப்போகிறோம், குணமாகாதே" என்று பலர் கேட்கிறார்கள். முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லைதான். ஆனால் 2023-ல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகனெமாப் போன்ற புதிய மருந்துகள் அல்சைமர் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன, அதுவும் ஆரம்பக்கட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டும். எல்லோருக்கும் பொருந்தாது, பக்கவிளைவும் உண்டு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆரம்பத்தில் தெரிந்தால், தன்னைப் பற்றிய முடிவுகளில் அவருக்கும் பேச இடம் கிடைக்கும். யாரோடு இருக்க விரும்புகிறார், பணத்தை யார் பார்த்துக்கொள்வது, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் வாயாலேயே சொல்ல முடியும். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் இந்த வாய்ப்பைத்தான் பறிக்கிறது.

நோய் உறுதியான பிறகு அதே பழைய கதைகளுக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. அவரோடு பேச மிச்சமிருக்கும் வழி பெரும்பாலும் அதுதான். பழைய புகைப்படங்கள், அந்தக் காலப் பாட்டு, வேலையில் பயன்படுத்திய கருவி என்று எதையாவது கையில் கொடுத்துப் பேசவைப்பதை ஒரு சிகிச்சை முறையாகவே செய்கிறார்கள். ஆய்வுகளில் இதன் பலன் சிறிதாகத்தான் தெரிகிறது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் மனநிலையிலும் பேச்சிலும் சிலருக்கு நல்ல மாற்றம் வருவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் குடும்பங்களைத் தொடர்ந்து செய்யச் சொல்கிறேன்.

செய்யும்போது தேர்வு வைக்காதீர்கள். "இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று போட்டோவை நீட்டினால் அவருக்குத் தோல்விதான் மிஞ்சும். "இதுல நீங்களும் உங்க தம்பியும் எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க" என்று தொடங்குங்கள். பெயரை நீங்களே கொடுத்துவிட்டால் மீதியை அவர் பேசுவார். வருடத்தையோ ஊரையோ மாற்றிச் சொன்னால் திருத்தவேண்டாம். நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்பப்படுவது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே காட்டியிருக்கிறார். நம் எல்லோருடைய நினைவிலும் திரிபு உண்டு, அவரை மட்டும் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. எல்லா நினைவும் இனிமையாகவும் இருக்காது. பள்ளியில் பட்ட அவமானமோ, இறந்துபோன குழந்தையோ மேலே வந்தால் பேச்சை மாற்றப் பதறாமல், கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் கேளுங்கள்.

இன்னும் சற்று முற்றியபின், ஓய்வுபெற்று வெகுகாலம் ஆனவர் விடிகாலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, "ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று கதவைத் திறப்பார். "உங்களுக்கு இப்ப ஆபீஸே கிடையாதுப்பா" என்று சொல்வது அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய இழப்பு. சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கும். "இன்னைக்கு என்ன வேலைப்பா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வேலையைப் பற்றி அவர் விவரித்துக்கொண்டிருக்கும்போதே பதற்றம் தணிவதைப் பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்கு எழுதியவர் என்றால் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

இதற்கெல்லாம் அவருடைய பழைய வாழ்க்கை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று தெரியும், அங்கே அவர் பொழுதெல்லாம் என்ன செய்தார் என்று தெரியாது. ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். பள்ளியும் ஆசிரியர்களும் நண்பர்களும், முதல் வேலையில் கற்றுக்கொண்டது, கல்யாணமான புதிதில் வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தப் பாட்டு, எதற்குப் பயம், எதைப் பேசினால் அழுகை வரும் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எதை எழுதக்கூடாது என்று அவர் சொல்கிறாரோ அதை எழுதாமல் விட்டுவிடுங்கள். நாளைக்குப் பகலில் பார்த்துக்கொள்ள வெளி ஆள் ஒருவர் வந்தால், மாத்திரைப் பட்டியலோடு அந்த நோட்டையும் அவர் கையில் கொடுங்கள்.