டிரைவ்டிரெயின்: தமிழில் இயக்குதொடர்

புதிய கார் வாங்கப் போகிறவரிடம் கொடுக்கும் விவரத்தாளில், எஞ்சினின் சிசிக்கும் மைலேஜுக்கும் கீழே ‘டிரைவ்டிரெயின்’ என்றொரு வரி இருக்கும். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நான் பார்த்தவரை, நிறம் பற்றியும் தவணை பற்றியும் கேட்பவர்கள் அந்த வரியைப் பற்றிக் கேட்பதில்லை. எஞ்சினில் பிறக்கும் சுழற்சியைச் சக்கரம்வரை கொண்டுசேர்க்கும் உறுப்புகள் அனைத்துக்குமான பொதுப்பெயர் அது. கிளட்ச், கியர்பாக்ஸ், சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், சக்கர அச்சான ஆக்சில் ஆகியவை அதில் அடங்கும், எஞ்சின் அடங்காது. எஞ்சினையும் சேர்த்துச் சொன்னால் அது ‘பவர்டிரெயின்’ ஆகிவிடும்.

‘டிரைவ்’ என்பது ஆங்கிலத்தில் கால்நடைகளை முன்னே விரட்டி நடத்துவதைக் குறித்த பழஞ்சொல். மாடு ஓட்டி, ஏர் ஓட்டி, இன்று கார் ஓட்டுகிற நம்முடைய ‘ஓட்டு’ என்ற வினையும் அதே வழியில்தான் வந்திருக்கிறது. ‘டிரெயின்’ என்றதும் ரயில்தான் நினைவுக்கு வரும்; ஆனால் ரயில்வண்டிக்கு அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. இழுத்தல் என்று பொருள்படும் ‘த்ராஹெரே’ என்ற லத்தீன் வினையில் வேர்கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த அச்சொல், தரையில் இழுபடும் அங்கியின் பின்பகுதியையும், தலைவன் பின்னே செல்லும் பரிவாரத்தையும் குறித்து, பிறகு ஒன்றையொன்று பற்றி வரும் எந்த வரிசைக்கும் உரியதாயிற்று. கடிகாரத்துக்குள் ஒன்றையொன்று சுழற்றும் பற்சக்கர வரிசைக்கும் அதே பெயர்தான். காரின் உறுப்புகளுக்கும் இந்தப் பொருளிலேயே அது பொருந்துகிறது.

தமிழில் ‘இயக்கத் தொடர்’ என்றால் இயக்கங்களின் வரிசை என்று பொருள் திரும்பிவிடும். ஆகவே, ‘ஊறுகாய்’ போல வினைத்தொகையாக நிற்கும் ‘இயக்குதொடர்’ என்பதையே நான் எழுதுகிறேன். இயக்கிய, இயக்குகிற, இயக்கும் தொடர் என்று மூன்று காலத்துக்கும் அது பொருந்துகிறது. ‘தொடர்’ என்பதற்குச் சங்கிலி என்ற பழம்பொருளும் உண்டு. புறநானூற்றின் 74ஆம் பாட்டில், சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, ‘தொடர்ப்படு ஞமலியின்’ என்று, சங்கிலியில் கட்டுண்ட நாயைத் தன் நிலைக்கு உவமையாக்குகிறான். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவை பயன்படாத சங்கிலியின் இயல்பு இந்த உறுப்புகளுக்கும் இருப்பதால், ரயிலை நினைவூட்டும் ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல்லே பொருளுக்கு நெருங்கி நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இதைக் கண்ணால் பார்த்தது பாலக்கோட்டில் ஒரு பட்டறையில். தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் விட்டிருந்தார்கள். மெக்கானிக் இடச்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினார். யாரும் தொடாத வலச்சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. “கிரவுன் வேலை இதுதாங்கண்ணா. சேத்துல ஒரு சக்கரம் வழுக்குனா அது மட்டும் சுத்தும், இன்னொண்ணு அப்படியே நின்னுக்கும்” என்றார். அவர் ‘கிரவுன்’ என்றது டிஃபரன்ஷியலைத்தான். வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியலே சேற்றில் வண்டியைச் சிக்கவும் வைக்கிறது.

எந்தச் சக்கரத்தில் இந்தத் தொடர் முடிகிறது என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. அம்பாசடரில் அது பின்சக்கரத்தில் முடிந்தது. 1983இல் வந்த மாருதி 800இல் முன்சக்கரத்தில் முடிந்தது. முன்சக்கர இயக்கத்தில் எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருப்பதால் மழை ஈரத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும். நீண்ட ஷாஃப்ட் இல்லாததால் உள்ளே இடமும் மிஞ்சும். நகரத்துக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடுகிற குடும்பக் காருக்கு இதுவே போதும். மாங்காய்க் கூடைகளோடு மேடேறும்போது எடை பின்னுக்குச் சரிந்து முன்சக்கரம் இலேசாகிவிடுமாகையால், சுமை வண்டிக்குப் பின்சக்கர இயக்கமே ஏற்றது.

நான்கு சக்கர இயக்கம் என்றால் நான்கு சக்கரமுள்ள வண்டி என்று பொருளில்லை; நான்கையும் எஞ்சின் சுழற்றுகிறது என்று பொருள். மஹிந்திரா தார் என்றாலே அப்படித்தான் என்று நம்புகிறவர்கள், 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இயங்கும் தாரும் விற்பனையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மேலும், லீவரைப் போட்டு நான்கையும் இணைக்கும் வகை வண்டியைக் காய்ந்த சாலையில் அப்படியே ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்க, இறுகப் பிணைந்த தொடர் அதற்கு இடம்தராமல் தன்னையே முறுக்கிக்கொள்ளும். அனைத்துச் சக்கர இயக்கம் எனப்படும் வகையில் அந்த வேறுபாட்டுக்கு இடம்தரும் அமைப்பு உண்டு. அஞ்செட்டிப் பக்கமோ சித்தேரி மலையிலோ தார்ச்சாலை முடிந்த பிறகும் மண்தடத்தில் போயே தீரவேண்டியவருக்குத்தான் இந்தக் கூடுதல் செலவு தகும்.

நான்கு சக்கர இயக்கம் பிரேக்கைக் கூட்டித் தராது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஆனால், தொப்பூர்க் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்கும்போது இயக்குதொடர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது: தாழ்ந்த கியரில் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற, எஞ்சின் அவற்றைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர் அந்த இடத்தில் தொடரைத் தம் கையாலேயே அறுத்துவிடுகிறார். அதன் பின் வண்டியின் முழு எடையையும் தாங்க, சூடேறிக்கொண்டிருக்கும் பிரேக் மட்டுமே மிஞ்சுகிறது.