கடைக்காரருக்கும் கூரையில் பங்கு உண்டு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பழைய கட்டடங்களைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். புதிதாகக் கடை வாங்கிய ஒருவர், சுவரில் ஓதம் ஏறுகிறது என்று கூப்பிட்டார். கீழே கடை, மேலே மூன்று மாடி வீடுகள். பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களின் பட்டியலில் பி பிரிவில் இருக்கும் விக்டோரியா காலத்து டெனமென்ட், அதாவது ஒரே கூரையின் கீழ் பல வீடுகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டடம். "கூரையை மேல் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், எனக்கு இந்தச் சுவரை மட்டும் முடித்துக் கொடுங்கள்" என்றார்.

டெனமென்ட் என்றாலே சேரி என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே ஏழையும் வசதியானவரும் டெனமென்டில்தான் இருந்தார்கள். 1862 சட்டப்படி மிகச் சிறிய வீடுகளை அளந்து, ஆளுக்கு 300 கன அடி என்று கணக்கிட்டு, எத்தனை பேர் தங்கலாம் என்ற தகரச் சீட்டைக் கதவில் அடித்தார்கள். ராத்திரியில் அதிகாரிகள் வந்து தலையை எண்ணுவார்கள். வசதியானவர்களின் கட்டடத்திலோ 'க்ளோஸ்' எனப்படும் பொது நடைவழியின் சுவர்களில் பளபளக்கும் பீங்கான் ஓடு.

கல்லின் நிறமே வயதை ஓரளவு சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் மணற்கல் என்றால் பெரும்பாலும் 1890க்கு முன். கிஃப்னாக் போன்ற பக்கத்துக் குவாரிகளில் எடுத்தது. சிவப்பு என்றால் அதற்குப் பின், லோகார்பிரிக்ஸ் போன்ற இடங்களிலிருந்து ரயிலில் வந்தது. இவருடையது மஞ்சள்.

சுவர் சுமார் இரண்டடி கனம், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. கல்லில் இறங்கும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேற வேண்டும். முன்பு இருந்தவர் இணைப்புகளைச் சிமெண்டால் பூசியிருந்தார். வழி அடைபட்டதால் ஈரம் கல் வழியாகவே வெளியேறி, கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்திருந்தது. சிமெண்ட் மட்டும் விலா எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், என்ன செய்வது!

சரி, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேலே ஏறிப் பார்த்தால் கூரைக் கால்வாயில் புல் முளைத்திருந்தது. நிரம்பி வழிந்த மழைநீர் மூன்று மாடியும் இறங்கி, கடைச் சுவரில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் 2004 டெனமென்ட் சட்டத்தில் கடையும் ஒரு 'ஃபிளாட்'தான். முதலில் பத்திரத்தைப் பாருங்கள். அதில் செலவுப் பங்கு சொல்லப்படவில்லை என்றால், கூரைச் செலவு எல்லோருக்கும் சமம். பெரிய ஃபிளாட்டின் பரப்பு சிறியதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் மட்டும் பரப்பளவுப்படி பிரியும். பழுதுபார்க்கலாமா என்று முடிவெடுக்கும்போது கடைக்கும் ஒரு ஓட்டு உண்டு. இவருக்கு இதை யாருமே சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் கடை முகப்பு. அகலமாகக் கண்ணாடி வைக்க, மேலேயிருக்கும் கற்சுவரை உத்தரத்திலும், பல இடங்களில் வார்ப்பிரும்புத் தூண்களிலும் தாங்கவைத்தார்கள். இடம் அடைக்கிறது என்று தூணிலோ உள்சுவரிலோ கைவைத்தால், முதலில் விரிசல் விடுவது உங்கள் கடை அல்ல, மாடி வீட்டு ஜன்னல். பட்டியலிட்ட கட்டடம் என்றால் உட்புறமும் சேர்த்திதான். அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் நகராட்சியின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம்.

கால்வாயைச் சுத்தம் செய்தாயிற்று. சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு கனமான சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அசிங்கமாக இருக்கிறதே, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டார். சிமெண்ட் செய்ததையேதான் அதுவும் செய்யும், ஒரு அலமாரியை முன்னால் நகர்த்தி வையுங்கள் என்றேன், சுவரை ஒட்டாமல்.