அது சைனஸ் இல்லை, சென்னிக்குத்து

போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர். மூவரும் உட்கார்ந்ததும் சொன்னது ஒன்றுதான்: "எனக்கு சைனஸ் உண்டு டாக்டர்." மூன்றாவதாக வந்தவர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்க்கும் பெண், வயது நாற்பது இருக்கும். ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டிய காலி மாத்திரை அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாமே பாராசிட்டமால் கலந்த ஜலதோஷ மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஆறு வருடமாக. உச்சியில் ராஸ்னாதி என்ற ஆயுர்வேதப் பொடி தேய்த்த தடம் இன்னும் இருந்தது.

வலி எங்கே என்றேன். வலது நெற்றிப்பொட்டைத் தொட்டார். விண்ணுவிண்ணென்று அடிக்குமாம். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, "ஜன்னலை அடச்சிட்டுப் படுத்திருவேன்." அண்டி வறுக்கும் புகை பட்டாலே குமட்டும். மாதவிலக்குக்கு முந்தின நாள் தவறாமல் வரும். அம்மாவுக்கும் இதே தொல்லை. இதில் சைனஸ் எங்கே இருக்கிறது?

இது மைக்ரேன், ஒற்றைத் தலைவலி. நம் பாட்டிமார் சென்னிக்குத்து என்று சரியாகத்தான் பெயர் வைத்தார்கள். நாம்தான் இடையில் அதை சைனஸ் ஆக்கி, நீர் இறக்கம் (தலையில் நீர் கோத்தது) ஆக்கி, தலைக்கு ஊற்றாமல், ஆவி பிடித்துக்கொண்டு வருடங்களை ஓட்டுகிறோம்.

"மூக்கு அடைக்குதே, தண்ணியா ஒழுகுதே?" என்று கேட்பீர்கள். ஒழுகும். நெற்றி, கண், மூக்கு எல்லாவற்றுக்கும் உணர்ச்சி தருவது ஒரே நரம்பு. மைக்ரேன் வரும்போது அது தூண்டப்பட்டால் கண் கலங்கும், மூக்கு அடைக்கும், கன்னம் கனக்கும். உண்மையான சைனஸ் தொற்றில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சளி வரும், வாசனை தெரியாது, காய்ச்சலும் இருக்கலாம். தொற்று ஆறினால் வலியும் போய்விடும். மாதாமாதம் வந்து, இருட்டறையில் படுக்க வைத்து, மறுநாள் காணாமல் போய், பத்து வருடம் கூடவே இருக்கிற வலி சைனஸ் இல்லை. ஸ்கேனில் சைனஸ் சவ்வு லேசாகத் தடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? தலைவலியே இல்லாத பலருக்கும் அப்படித் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்.

பெயர் தப்பானதால் வரும் பெரிய கேடு மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை, மைக்ரேனுக்கென்று தரும் எர்கோட்டமின், டிரிப்டான் என்றால் 10 நாளே போதும். எப்போதாவது வந்த வலி தினசரி வலியாக மாறுவது பலருக்கு இப்படித்தான். மாதத்தில் 15 நாளாவது தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் தன்மை, இது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாங்கள் நாள்பட்ட மைக்ரேன் என்கிறோம். தினமும் புரூஃபென் வகை மாத்திரை போடுகிறவர்களின் வயிற்றையும் கிட்னியையும் நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

வலி மாத்திரையை நிறுத்தினால் முதல் சில நாள் வலி கூடும். அந்த நாட்களைத் தாண்ட நாங்கள் உதவுவோம். தனியாக முயன்று பாதியில் மறுபடியும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். வலி வந்தபின் போடுவது ஒன்று, வராமல் தடுக்க தினமும் போடுவது வேறு. புரொப்ரானலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் போன்றவை தடுப்பு மாத்திரைகள். முழுப்பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். ஆஸ்துமா இருந்தால், கர்ப்பம் என்றால், குழந்தைக்கு முயற்சி செய்தால் முதலிலேயே சொல்லுங்கள், மருந்து மாறும். அமிட்ரிப்டிலினை "மனநோய் மாத்திரை" என்று கவுண்டரில் யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! மனச்சோர்வுக்குக் கொடுப்பது உண்மைதான். தலைவலிக்கு அதையே இரவில் குறைந்த அளவில் தருகிறோம்.

சரி, வலி தொடங்கினால்? தொடங்கிய உடனே டாக்டர் சொன்ன மாத்திரை, சொன்ன அளவு. வாரத்தில் 2 நாளுக்கு மேல் வேண்டாம். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள், தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறவர்கள் இரவு சீக்கிரம் படுங்கள். வெறும் வயிற்றோடு ஒன்பது மணிவரை நிற்காதீர்கள். விரதம் இருக்கிறவர்கள் தண்ணீரையாவது விடாதீர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே நொடியில் இடி விழுந்ததுபோல் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி: இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணோடு வந்த கணவர், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியே டாக்டர், சும்மா படுத்துக் கிடக்கா" என்றார். அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தார். மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. வைத்தியம் செய்யாவிட்டால் ஒரு தாக்குதல் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். அந்த நேரத்தில் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளுங்கள், டிவியை நிறுத்துங்கள். அது போதும்.

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த முதல் வேலை காலண்டர். வலி வந்த நாளில் ஒரு சுழி, மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு. உங்களுக்கும் அதுதான். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளையும், வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள், காலி அட்டைகளையும் சேர்த்து.