சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

"தம்பி, வளவுச் சுவரு வேர்க்குது, ஒருநடை வந்து பாரு" என்று போன் செய்தார் ஆச்சி. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், பழைய செட்டிநாட்டு வீடு. வளவு என்றால் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். போய்ப் பார்த்தால், இடுப்பு உயரம் வரைக்கும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த செங்கலை நகத்தால் சுரண்டினால் ரஸ்க் தூள் மாதிரி உதிர்கிறது. நூறு வருஷம் நின்ற செங்கல். பேத்தி கல்யாணத்துக்காகப் பங்காளிகள் எல்லாம் பணம் போட்டு, பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி மூன்று வருஷம்தான் ஆகிறது.

இந்த வருஷத்தில் எனக்கு இது ஆறாவது வீடு. ஆறிலும் இதே கதைதான்.

ஆறு வீட்டிலும் ஒரே வசனமும் கேட்டேன்: "அந்தக் காலத்துல சிமெண்ட் கிடைக்கல, அதான் சுண்ணாம்புல கட்டிட்டாங்க." எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பர்மாவிலிருந்து தேக்கையும் இத்தாலியிலிருந்து பளிங்கையும் கப்பலில் இறக்கிய மனிதர்களுக்குச் சிமெண்ட் மூட்டை வாங்கவா வழி தெரியாது? காலுக்குக் கீழே பாருங்கள். ஆத்தங்குடி கல் என்கிற அந்தப் பூப்போட்ட தரைக்கல்லே சிமெண்டில் செய்ததுதான். தரைக்கு அதைப் போட்டவர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார்கள் என்றால், தெரிந்துதான் பூசினார்கள்.

கெட்டியாக இருப்பதெல்லாம் பலம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், காற்றில் காய்ந்துவிடும். சிமெண்ட் விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், கூடவே வந்த உப்பு செங்கலுக்குள்ளேயே பூத்து அதைப் பொடியாக்கும். அப்புறம் ஓதம் தெரிகிறதே என்று வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் அடிப்பார்கள். முழங்கால் அளவில் இருந்தது நெஞ்சளவுக்கு வரும். மறுபடி ஒரு கோட்டிங். அதாவது, நோய்க்கே மருந்தென்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

செங்கலையாவது மாற்றிவிடலாம். போன பூச்சு போனதுதான். நீற்றிய சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. நல்ல சுவரில் முற்றத்து வெளிச்சம் விழுந்தால் எதிர்த்தூணின் நிழலுருவம் தெரியும். அந்த வழுவழுப்பில் பெயிண்டுக்கு முன் பூசும் பட்டி பிடிக்காது என்று உளியால் கொத்துப் போடுகிறார்கள் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பல் கூசும்.

எதையும் தொடும் முன்பு கொத்தனாரிடம் ஒன்று கேளுங்கள்: "சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைப்பீங்க?" சிரித்தார் என்றால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பழுது இருக்கும் இடத்தை மட்டும் சுண்ணாம்பிலேயே ஒட்டுப்போடுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் கதை பழையபடிதான், வெள்ளையடித்தால் போதும். ஆத்தங்குடி கல்லுக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம், அது பூவை மட்டுமல்ல, கல்லையே தின்னும். தண்ணீரில் துடைத்து, எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். தேக்குத் தூணுக்குச் சாக்லேட் நிற எனாமல் அடிக்கிற யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, தெரியவில்லை. முற்றத்தின் மேல் ஷீட் போட்டு மூடிவிட்டு, "வீடு புழுங்குது, ஏசி மாட்டணும்" என்று என்னிடம் வராதீர்கள். சூடு வெளியே போகத்தான் முற்றம்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. நல்ல சேதிதான். அதற்காக உங்கள் வளவில் உளி விழும்போது பாரிஸிலிருந்து யாரும் ஓடிவந்து தடுக்கப்போவதில்லை.

சுண்ணாம்பு வேலைக்குக் கூலி அதிகம், நாளும் அதிகம். ஒத்துக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து பங்காளிகள் பத்து ஊரில் இருக்கும்போது கையெழுத்து வாங்குவதே பெரும் பாடு என்பதும் தெரியும். பணம் சேரவில்லையா, ஒன்றும் செய்யாதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். உடைந்த ஓட்டை மாற்றுங்கள், முற்றத்துத் தூம்பில் சருகு அடைக்காமல் பாருங்கள், சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை விரல் நீளத்திலேயே பிடுங்குங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காத வரை அந்தச் சுவர் உங்களுக்காகக் காத்திருக்கும். கல்யாணத் தேதிக்காக அவசரப்பட்டுத்தான் பாதி வீடுகள் கெட்டன.

ஆச்சி வீட்டில் சிமெண்டைப் பக்குவமாகப் பெயர்த்து எடுத்துவிட்டோம். இப்போது செங்கல் தெரிய நிற்கிறது சுவர். உப்பை அடிக்கடி துடைப்பத்தால் தட்டி விடச் சொல்லியிருக்கிறேன். காய்வதற்கு ஒரு கோடையாவது வேண்டும்.

"அதுவரைக்கும் இப்படி மொட்டையாவா நிக்கும்? வர்றவுக என்ன நெனப்பாக?" என்றார்.

நிற்கட்டும் ஆச்சி. கேட்பவர்களை என்னிடம் அனுப்புங்கள்.